கூடுவார் இல்லாத கூடம்

கூடுவதற்கென்றே எழுப்பிய கூடம் கூடுவார் இன்றிக் கிடக்கிறது. வாசல் நிலையில் செதுக்கிய திருமகள் இருபுறமும் யானைகள் நீராட்ட இன்றும் வீற்றிருக்கிறாள். அவளை வணங்கி உள்ளே நுழைவார் இல்லை. தேக்குத் தூண்கள் இரு வரிசையாய் நிற்கின்றன. அவற்றில் சாய்ந்து வழக்குப் பேசுவார் இல்லை. ஒரு சுவரில் பெல்ஜியத்துக் கண்ணாடி, எதிர்ச்சுவரில் அதன் இணை. இடையில் நிற்க ஓர் ஆளின்றி ஒன்றுக்குள் ஒன்றாய் எல்லையற்று நீள்கின்றன. பட்டாலையே, செட்டிநாட்டு வீடுகளின் முகமாய் அமைந்த பெருங்கூடமே, உன்னைப் பார்த்து அழுவது முறையா என்று கேட்பார் உண்டு. உயிர் இருந்தால்தானே இறப்பு என்பார்கள். உனக்கு உயிர் இருந்தது. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

கையறுநிலை பாடத் தகுந்த மண்தான் இது. பாரி ஆண்ட பறம்பு என்று மரபு காட்டும் பிரான்மலை, காரைக்குடிக்கு மேற்கே வெகுதொலைவில் இல்லை. தந்தையை இழந்து குன்றையும் இழந்த பாரி மகளிரின் பாட்டு, புறநானூற்றின் 112ஆம் பாட்டு, அந்த மலையை நினைந்து பிறந்தது. கொடுத்தவன் போனபின் அவன் இருந்த இடத்தைப் பார்த்து நிற்பவர்க்குச் செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. சொல்வதற்கு மட்டும் இருக்கிறது. பறம்பை முற்றுகையிட்டவர் மூவேந்தர். பட்டாலையை முற்றுகையிட்டவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரும் சொல்ல இயலவில்லை. போர் கடலுக்கு அப்பால் நடந்தது, தோற்றது இங்கே.

அறியாதவர்க்கு வீட்டின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். ஒரு தெருவில் தொடங்கிய வீடு அடுத்த தெருவில் போய் முடியும். முன்வாசலில் நின்றால் நிலைக்குள் நிலையாகப் பின்கட்டின் வெளிச்சம் வரை கண் ஓடும். முகப்பில் உயர்ந்த திண்ணைகள். அதைக் கடந்தால் பட்டாலை. அப்பால் வளவு: நடுவே வானம் திறந்த முற்றம், சுற்றிலும் பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாய் அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் அவன் புள்ளிக்கென்று, அதாவது அவன் குடும்பத்துக்கென்று, அங்கே அறை உண்டு. அதற்கும் அப்பால் பந்தி நடக்கும் இரண்டாங்கட்டு. பிறகு அடுப்படி, கிணறு, பின்வாசல். வாழ்க்கை நடந்ததெல்லாம் வளவிலும் அதற்குப் பின்னும்தான். உரலும் அம்மியும் அங்கே. வற்றலும் வடகமும் அங்கே. பிள்ளைப்பேறும் பிணக்கும் அங்கே. ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீர் முற்றத்தின் மூலைகளில் கொட்டும். ஏந்துவதற்கு அண்டாக்கள் காத்திருக்கும்.

பட்டாலைக்கு அந்த அன்றாடம் இல்லை. வீடு நிறைந்திருந்த காலத்திலும் ஆண்டின் பெரும்பகுதி அது ஓய்ந்தே கிடந்தது. எங்கள் அப்பத்தா, பிள்ளைகள் பட்டாலையில் ஓடினால் அதட்டமாட்டார். “கல்யாணத்தன்னிக்கு ஓடலாம், இப்ப உள்ள வாங்கப்பா” என்று கையைப் பிடித்து அழைத்துப் போவார். ஓடக்கூடாத இடமென்று அவர் சொன்னதே இல்லை. அதற்கென்று ஒரு நாள் இருக்கிறதென்று மட்டும் சொன்னார்.

ஆண்டில் சில நாள் பயன்படும் கூடத்துக்கு இத்தனை செலவா என்று வியப்பவர்கள் இந்த வீட்டின் அறைகளை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். தனியொருவர்க்கு உரிய அறை சிறியது, இருண்டது, பெட்டியும் பாத்திரமும் வைக்கப் போதுமானது. உறங்கியதும் பெரும்பாலும் பத்தியில்தான். காற்றும் ஒளியும் உயரமும் எல்லாருக்கும் பொதுவான இடத்துக்குத் தரப்பட்டன. அவற்றுள்ளும் சிறந்தவை, வரப்போகிறவர்களுக்காக வைத்த பட்டாலைக்குத் தரப்பட்டன. இன்றைய வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. படுக்கையறை வளர்ந்தது, கூடம் சுருங்கியது. எது முன்னேற்றம் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் தனக்குச் சிறியதையும் வருபவர்க்குப் பெரியதையும் ஒதுக்கிய ஒரு மனத்தை நான் வணங்குகிறேன்.

அந்த நாள் வரும். வெள்ளையடித்த சுவரில் மாவிலைத் தோரணம் ஏறும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என, செட்டிநாட்டுச் செட்டியார்களாகிய நகரத்தார்க்கு உள்ள ஒன்பது நகரக் கோவில்களுள் தமக்குரிய கோவிலிலிருந்து மாலை வந்து சேரும். கோவில் மாலை வந்தால்தான் அந்த மணம் நகரத்தார் மணம். பட்டாலையில் ஜமுக்காளம் விரித்து இரு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே அமர்வார்கள். இசைகுடிமானம் என்னும் மண ஒப்பந்தம் எழுதப்படும். உள்ளே வளவில் திருப்பூட்டு நடக்கும்; பொன்னால் கோத்த கழுத்திரு பெண்ணின் மார்பில் ஏறும். சாமான் பரப்பியிருப்பார்கள்: பித்தளையும் வெண்கலமும் வெள்ளியும், சீமையிலிருந்து வந்த எனாமல் பாத்திரமும், மரப்பெட்டியும் தடுக்கும், மணமகள் ஆயுள் முழுவதும் கையாண்டாலும் தீராத அளவில். அன்று ஊரில் அடுப்பு எரியும் வீடு அந்த ஒன்றே. பிள்ளைகள் பட்டாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவார்கள். யாரும் அழைத்துப் போகமாட்டார்கள்.

அறுபது நிறைந்தவர்க்குச் சாந்தி நடந்ததும், பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளை கூட்டியதும், துக்கம் கேட்க வந்தவர்கள் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்ததும் இந்தத் தரையில்தான். பிறந்தவர், புகுந்தவர், போனவர் எல்லாரும் ஒருமுறையேனும் இங்கே ஊர் அறிய ஒப்புக்கொள்ளப்பட்டார்கள்.

எப்படிக் கட்டினார்கள் உன்னை! சுண்ணாம்பைப் பலநாள் நீற்றி, அரைத்து, கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கருவைக் கலந்து, கையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் உன்னுடையது. சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தால் ஊருணித் தண்ணீரின் குளிர்ச்சி. கூரைக்கும் தூணுக்கும் பர்மாத் தேக்கு. படிக்கும் தரைக்கும் இத்தாலியச் சலவைக்கல். சில வீடுகளில் இங்கிலாந்திலிருந்து வார்ப்பிரும்புத் தூண்களும் வந்து நின்றன. இத்தனை தூரத்துப் பொருள்களுக்கு நடுவே பக்கத்து ஊர் மண்ணும் தன் இடத்தை விடவில்லை. ஆத்தங்குடிப் பூக்கல்லைச் சொல்கிறேன். கண்ணாடிப் பலகை மேல் சட்டம் வைத்து, பூவடிவ அச்சை அதனுள் பொருத்தி, வண்ணக் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாய் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி, மேலே மணலும் சிமென்டும் இட்டு அமுக்கி, நீரில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடி தானே கழன்று தன் பளபளப்பைக் கல்லுக்குத் தந்துவிட்டுப் போகும். இந்தக் கல்லைப் பற்றிக் கொத்தனார்கள் சொல்வதொன்று உண்டு: நடக்க நடக்கத்தான் மெருகேறும். கால்படாத கல் மங்கும். பட்டாலையே, உன் தரை மங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்க்கு வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தேக்கு வந்த வழியையும் சொல்லாமல் அழுதால் அந்த அழுகை நேர்மையாகாது. கொண்டுவிற்கப் போன நகரத்தார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி இரங்கூனுக்குப் போனார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் சைகோனுக்கும் போனார்கள். கிட்டங்கி என்னும் கடைக்கூடத்தின் தரையில் பெட்டியடியில் அமர்ந்து, இரவில் அதன் பக்கத்திலேயே படுத்து, மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பினார்கள். ஐராவதிச் சமவெளியின் காட்டைக் கழனியாக்கிய உழவனுக்கு வேறு வங்கிகள் கதவு திறக்காதபோது கடன் தந்தது அவர்கள் பெட்டி. உலகெங்கும் நெல் விலை சரிந்தபோது அந்தக் கடன் திரும்பவில்லை. ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடு. கேட்டு வாங்கிய நிலமன்று என்று அவர்கள் தரப்பில் சொல்வதுண்டு. பணமாகக் கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள் என்பதும் உண்மையே. ஆயினும் நிலம் இழந்தவன் இழந்தவன்தான். 1930 டிசம்பரில் பர்மாவின் தாராவதியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி மூண்டபோது அந்தக் கோபத்தில் கடன் சுமையும் கலந்திருந்தது. பட்டாலையே, உன் உத்தரத்தின் கீழ் நின்று அழும் எனக்கு, அந்த மரம் நின்ற நாட்டில் தன் களத்துமேட்டை இழந்து நின்ற ஒருவனும் தெரிகிறான். அவன் பெயரும் எனக்குத் தெரியாது. அவனுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பிறகு வந்தது 1942. மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் தப்பினார்கள். கிடைக்காத இலட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களை எண்ணியவர் இல்லை. போர் முடிந்தபின் மீண்டும் போகலாம் என்றிருந்தவர்களை 1948ஆம் ஆண்டின் நில நாட்டுடைமைச் சட்டம் வாசலிலேயே நிறுத்தியது. 1962இல் படை ஆட்சி வந்தது. மறு ஆண்டு வங்கிகளும் நாட்டுடைமையாயின. ஒரு தலைமுறையின் உழைப்பு, பெட்டிக்குள் மடித்து வைத்த பத்திரங்களாக மட்டும் மிஞ்சியது. அந்தப் பத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டெழுத்தாய்ச் சுழலும் பர்மிய எழுத்தும் சிவப்பு முத்திரையும் மங்காமல் இருந்தன.

பொருள் போனதைப் பெரிதாய்ச் சொல்ல மாட்டேன். நகரத்தார் வேறிடத்தில் வேறு தொழிலில் பொருள் தேடிக்கொண்டார்கள்; ஆலை கண்டார்கள், கல்விச்சாலை கண்டார்கள், பதிப்பகம் கண்டார்கள், படப்பிடிப்பு நிலையம் கண்டார்கள். போனது கூட்டம். சென்னைக்கும் கோவைக்கும் போனவர்கள் முதலில் பொங்கலுக்கு வந்தார்கள். பிறகு திருமணத்துக்கு மட்டும். பிறகு திருமணமே அங்கு போய்விட்டது. குளிர்சாதன மண்டபம் வந்தது. ஒரு நாளைக்குள் மாலையில் வரவேற்பும் மறுநாள் காலையில் திருப்பூட்டும் மதியம் விடைபெறலும். ஐந்து நாள், ஏழு நாள் என்று வீடு கொள்ளாமல் தங்கிய உறவு ஒரு வேளைச் சாப்பாட்டில் முடிந்தது.

ஆச்சிமாரைச் சொல்ல வேண்டும். வீட்டு ஆண் மூன்றாண்டு கடலுக்கு அப்பால் இருந்தபோது இந்த மாளிகையை ஆண்டவர்கள் அவர்கள். முகப்பும் பட்டாலையும் ஆண்களின் இடம் என்று ஒதுங்கி, தூணுக்குப் பின்னிருந்து பார்த்தவர்கள் அவர்கள். மணமான மகனை மறு ஆண்டே வேறு வைத்து, அதே வீட்டில் தனி அடுப்பும் தனிக் கணக்கும் தந்து, ஒரே கூரையின் கீழ்ப் பத்துக் குடும்பத்தைச் சண்டை மூளாமல் நடத்திய நுட்பமும் அவர்களுடையது. இறுதியில் எல்லாரும் போனபின் வீட்டோடு தங்கியவர்களும் அவர்களே. முன்பு ஒதுங்கி நின்ற பட்டாலை இப்போது முழுவதும் ஓர் ஆச்சிக்கே உரியது. அவரோ அதைக் கடந்து போய் வாசல் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்புகிறார், ஒரு நாழிகைகூட அங்கே உட்காருவதில்லை. அந்த ஆச்சியும் இல்லாத வீட்டில் சம்பளத்துக்கு ஒருவர் கூட்டுகிறார். அவரும் இல்லாத வீட்டில் வௌவால்.

96 ஊர்கள் என்று பழைய கணக்கு சொல்லும் செட்டிநாட்டில் இன்று நகரத்தார் ஊர்கள் எழுபத்துச் சில. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், தேவகோட்டை, இராயவரம் என்று எந்த ஊருக்குப் போனாலும் தெரு முழுதும் மாளிகை. தெரு முழுதும் பூட்டு. ஒரு வீட்டுக்கு ஐம்பது பங்காளி, நூறு பங்காளி. ஓடு மாற்ற ஒருவர் இசைந்தால் ஒருவர் இசையார். விற்க ஒருவர் கையெழுத்திட்டால் இன்னொருவர் அமெரிக்காவில். இந்தப் பிணக்கைக் குறையாகவே பேசுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஒருவருக்கு மட்டும் உரியதாய் இருந்திருந்தால் பல வீடுகள் எப்போதோ மண்ணாகியிருக்கும். பலர்க்கு உரியதாய் இருந்ததே அவற்றை இதுவரை நிறுத்தி வைத்திருக்கிறது.

ஆனாலும் விழுகின்றன. மேற்கூரை பிரிந்தவுடன் தேக்கை எடை பார்க்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பாருங்கள். நிலைக்கதவு சுவரில் சாய்ந்திருக்கும்; எனாமல் தூக்கு அடுக்கியிருக்கும்; மணமகளுக்குப் பரப்பிய சாமான்கள் விலைச்சீட்டோடு மறுமுறை பரப்பப்பட்டிருக்கும். அங்கே முப்பாட்டனார்களின் படங்களும் கிடைக்கும்: அங்கவஸ்திரமும் கடுக்கனுமாய், நாற்காலியின் கையில் கை வைத்து, கூடத்துக்கு வருபவரைக் குனிந்து பார்ப்பதற்காகச் சாய்த்து மாட்டிய படங்கள். வாங்குபவர் சட்டத்துக்காக வாங்குகிறார். இதைக் கண்டபின் அந்தத் தெருவுக்கு நான் போவதில்லை.

சில கூடங்கள் வேறு பிறவி எடுத்தன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குள் ஒரு செட்டிநாட்டு வீடு பெயர்த்துக் கொண்டுபோய் நிறுத்தப்பட்டிருக்கிறது. சில மாளிகைகள் விடுதியாயின. அயல்நாட்டார் வந்து தங்குகிறார்கள், பட்டாலையில் இரவு விளக்கு எரிகிறது, ஊர்ப் பெண்கள் சமையலுக்குப் போய் ஊதியம் பெறுகிறார்கள். அதை இகழ மாட்டேன். படப்பிடிப்புக்குத் தந்த வீடுகளில் நாடகக் கல்யாணம் நடக்கிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் ஓடு மாற்றுவதில்லை.

இவற்றுள் என் நெஞ்சுக்கு நெருக்கமானது கோட்டையூர் வீடு. ரோஜா முத்தையா அங்கே தம் வீட்டை அச்சேறிய தாளால் நிரப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பும், நாடக நோட்டீசும், மருத்துவ நூலும், காலணாப் பாட்டுப் புத்தகமும், மற்றவர் எரித்ததும் எடைக்குப் போட்டதும் அவர் வீட்டில் இடம் பெற்றன. ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படி. பூச்சிக்கும் ஈரத்துக்கும் எதிராக அவர் ஒருவரே காவல். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே ஆய்வு நூலகமாய் நிறுவியது. தமிழ் அச்சின் வரலாற்றை எழுதும் எவரும் இன்று அங்கே போகாமல் எழுத முடியாது. விருந்தினர் வரவு நின்றுபோன காலத்தில் ஒரு செட்டிநாட்டு வீடு புத்தகங்களை விருந்தினராய் ஏற்றுக்கொண்டது. ஒரு வீட்டுக்கு வாய்த்தது எல்லா வீட்டுக்கும் வாய்க்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

பட்டாலையே, உன்னிடம் இனி என்ன சொல்வேன். மழை இப்போதும் ஐப்பசியில்தான் வருகிறது; அண்டா இல்லாத முற்றத்தில் விழுந்து வடிகிறது. தை பிறக்கிறது, மாவிலை தளிர்க்கிறது. உன் தேக்கு இன்னும் நூறாண்டு நிற்கும் என்கிறார் தச்சர். நிற்க வலிமை இருந்தும் நிற்பதற்குக் காரணம் இல்லாமல் போனதே, அதற்குத்தான் கையற்று நிற்கிறேன்.

இதைப் படிப்பவர்களுள் இத்தகைய வீட்டில் ஒரு பங்கேனும் உடையவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கல்யாணத்துக்கு மண்டபத்தில் முன்பணம் கட்டுமுன் ஊர்ச்சாவி யாரிடம் இருக்கிறதென்று விசாரியுங்கள். கல்யாணம் முடியாதென்றால் சாந்தியை வையுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒரு பொங்கலுக்கு வந்து பானை வையுங்கள். பிள்ளைகளை அழைத்து வாருங்கள், பூக்கல்லில் ஓட விடுங்கள். விற்பதே வழியென்று ஆகிவிட்ட வீடானாலும், தூணைப் பெயர்க்க ஆள் வருமுன் அத்தனை புள்ளிகளும் ஒருநாள் பட்டாலையில் ஜமுக்காளம் விரித்து உட்காருங்கள். கையெழுத்தை அங்கே போடுங்கள். சென்னையில் இரவு ரயில் ஏறினால் விடியுமுன் காரைக்குடியில் இறங்கிவிடலாம்.